டெஸ்ட் என்ற பெயரில்

பச்சை விளக்கு எரிகிறது. எரிந்து என்ன, பெட்டி சாகவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், பேசும் என்று அர்த்தமில்லை. யாரோடும் பேசாது. போன வருஷம் ஆடிட்டுக்கு வந்த பையன்கள், பழைய பாஷை பேசுகிற மெஷின் ஒன்றுகூட நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது மேடம், திருடன் அந்த வழியாகத்தான் வருவான் என்று சொல்ல, நானே ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் உட்கார்ந்து அந்தப் பாஷையை அணைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியின் எந்தப் புது மெஷினும் இந்தப் பெட்டியைப் பார்த்தால் ஆள் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பிரெட் பாக்கெட் உயரம், உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் எங்கள் மேமோகிராம் பிரிவின் முதல் சில வருஷத்து மார்புப் படங்கள். அதனால்தான் ஸ்டோரில் தூசியோடு கிடந்த இந்தக் கிழட்டு கம்ப்யூட்டரை வாட்ச்மேனை விட்டுத் தூக்கிவரச் சொன்னேன். விண்டோஸ் எக்ஸ்பி. முதல் மேமோகிராம் மெஷினோடு கூடவே வந்தது. பெட்டியின் பாஷை இதற்கு மட்டும்தான் தெரியும். இரண்டையும் நேராக ஒரே கேபிளில் மாட்டிவிட்டு, நடுவில் வேறு யாரும் வேண்டாம், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இந்த அறை முன்பு அழுக்குத் துணி போடுகிற அறை, இப்போது சர்வர் ரூம் என்று போர்டு மாட்டியிருக்கிறது, ஆனாலும் டெட்டால் வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. ஏசி சொட்டுகிறது. கீழே வைத்த வாளி நிறைந்துகொண்டிருக்கிறது. கால் வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, எது எதனால் வலிக்கிறது என்று இன்று காலையிலிருந்து ஒவ்வொன்றையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இடது பக்கம் மட்டும் வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் முன்னாலேயே பார்த்திருப்பேன்.

ஒரு மொச்சைக்கொட்டை. அக்குளுக்குக் கீழே, உள்ளே தள்ளி. குளிக்கும்போது கை பட்டது, சோப்புக் கட்டி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. இன்று காலையில் எடுத்த படத்தை டாக்டர் தேவசேனா திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பத்து வருஷமாக அவருடைய திரைக்கு வெளிச்சம் குறைகிறது, மவுஸ் ஓடவில்லை என்று ஓடிப்போய் நின்றவள், அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றே பழக்கம், இன்று முன்னால் உட்காரச் சொன்னார். "பழைய படம் ஏதாவது இருக்கா லோசனி? அப்பவும் இதே மாதிரி, இதே அளவுல இருந்திருந்தா நாம கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தாப் போதும். அப்ப இல்லாம இப்ப வந்திருந்தா தள்ளிப்போட முடியாதும்மா. நாளைக்கே ஊசி வச்சு எடுத்துப் பாத்துரணும்." சாயங்காலம் வரைக்கும் இருப்பேன், கொண்டு வாங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாளைக்கே என்பதை அவர் எப்படிச் சொன்னார் என்று மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். சாதாரணமாகச் சொன்ன மாதிரியும் இருக்கிறது, சாதாரணமாகச் சொல்லவேண்டும் என்று முடிவு பண்ணிச் சொன்ன மாதிரியும் இருக்கிறது. அப்பவும் இருந்திருக்கவேண்டும். முருகா, அது பழசாக இருக்கவேண்டும். தன் உடம்பில் கட்டி பழசாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை ஒரு மனுஷிக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்.

பழைய படம் இருக்கிறது. இருக்கவேண்டும். முதல் மெஷின், எங்கேயோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஒதுக்கியது, எங்கள் நிர்வாகம் வாங்கிவந்து மாட்டியது. ஒழுங்காகப் படம் எடுக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும், நோயாளியை வைத்துச் சோதிக்க முடியாது, அதனால் டெக்னீஷியன் ஷகிலா, நாற்பது தாண்டின ஸ்டாஃப் எல்லாம் வாங்கக்கா, இலவசம் என்று கூப்பிட்டாள். இலவசம் என்றால் விடுவோமா. சமையல்கட்டு செல்லம்மாளிலிருந்து பில்லிங் பத்மஜா வரைக்கும் வரிசை கட்டி நின்றோம். ஆடி மாசம், காவிரியில் தண்ணீர் வந்திருந்தது, எல்லார் தலையிலும் பூ, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரே பேச்சும் சிரிப்பும். பில் விழக் கூடாது என்பதால் பேர் போடுகிற இடத்தில் ஷகிலா எல்லாருக்கும் டெஸ்ட் என்று போட்டாள். வயது தொண்ணூற்றொன்பது என்று போட்டாள். அந்தப் படங்களை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. ஓரம் வெட்டுப்படுகிறதா, கறுப்பு கறுப்பாக விழுகிறதா என்று இன்ஜினியர் பார்த்தார், திருப்தி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். புது மெஷின் வந்தபோது பேர் உள்ள படங்களை எல்லாம் நான் புது சர்வருக்கு மாற்றினேன். டெஸ்ட் என்று இருந்ததைத் தொடவில்லை. டெஸ்ட் என்றால் எங்கள் வேலையில் குப்பை, யாரும் தூக்கிச் சுமக்க மாட்டார்கள். அத்தனை டெஸ்டில் உங்கள் படம் எது என்று எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஊக்கு. என் தாலியில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். முந்தானை அவிழ்ந்தாலும் கைப்பை ஜிப் போனாலும் இந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னைத்தான் தேடுவார்கள், அன்று வரிசையில் நிற்கும்போதுகூட யாருக்கோ ஒன்று கழற்றிக் கொடுத்தேன். மிச்சம் ஒன்று. ஷகிலா எல்லாத்தையும் கழட்டுங்க என்றாள், தாலியைக் கழற்றுவேனா, முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன். தட்டு அழுத்தியபோது வலியில் தோளைச் சுருக்கினேன், ஊக்கு மட்டும் சரிந்து முன்னால் வந்துவிட்டது. படத்தின் மூலையில் வெள்ளை வெளேரென்று ஓர் ஊக்கு. "அய்யோ அக்கா" என்று ஷகிலா தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு "போகட்டும், டெஸ்ட்தானே" என்றாள்.

பாதை கிடைக்கவில்லை என்கிறது. அட்ரஸைக் கையால் போடவேண்டும், போட்டேன், ஒரு எண் தப்பு, மறுபடி போட்டேன். கீபோர்டில் ஏழு உள்ளே போய்விட்டது, நகத்தால் நெம்பவேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் டக், டக் என்று ஒரு சத்தம், டிஸ்க் முனகுகிறதா, இல்லை ஏசி சொட்டா. டிஸ்க் என்றால் என்ன பண்ணுவேன். வருஷக்கணக்காக யாரும் எழுப்பாமல் தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி, ஓடு ஓடு என்றால் அது நின்றுபோனாலும் போகும். வீட்டில் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிட்டியா என்று போன் பண்ணினார், சாப்பிட்டேன் என்றேன், குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு என்றார், ஏசி என்றேன். பெண்ணிடம் சொன்னால் மெட்ராஸிலிருந்து ராத்திரியே பஸ் ஏறிவிடுவாள், அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை. யாரிடமும் சொல்லாமல் இருப்பதே ஒரு வேலையாக இருக்கிறது. போன் அடிக்கிறது. ஜெசிந்தா சிஸ்டர், மூன்றாவது மாடி வார்டு. "யக்கா, பிரிண்டர் திரும்பப் படுத்துருச்சுக்கா. டிஸ்சார்ஜ் சம்மரி குடுக்கணும், பேஷண்டோட மாமியார் என்னை முறைச்சுக்கிட்டே நிக்கிறாங்க." இப்ப முடியாது ஜெசி என்றேன். "ஒரு அஞ்சு நிமிஷம்க்கா." "அணைச்சுட்டுப் போடு." "அணைச்சுப் போட்டாச்சுக்கா, ரெண்டு தட்டும் தட்டியாச்சு." அவள் சிரிக்கிறாள், எனக்கு எரிச்சலாக வருகிறது, இந்த ஆஸ்பத்திரியில் எது நின்றாலும் நான் ஓடவேண்டும், நான் நின்றால் யார் வருவார்கள். பக்கத்து வார்டு பிரிண்டர்ல எடுத்துக் குடு, அப்புறம் வரேன் என்று வைத்துவிட்டேன். கொஞ்சம் கடுமையாக வைத்துவிட்டேன் என்று வைத்தபிறகு தோன்றியது. பாவம், கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளுக்குக் கோபமே வராது.

இப்போது பாதை கிடைத்துவிட்டது. யார் நீ என்று கேட்கிறது. சொன்னேன். பாஸ்வேர்ட் கேட்கிறது, அதையும் சொன்னேன், நானே வைத்தது, மறக்கவில்லை. அனுமதி இல்லை. மறுபடி. அனுமதி இல்லை. மறுபடி ஒவ்வொரு எழுத்தாக, நகத்தால் ஏழை நெம்பி. இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கா அழுகிறேன் என்று சிரிப்பும் வந்தது. காலையில் டாக்டர் அறையில் வராத கண்ணீர் இந்தக் கழுதைக்கு முன்னால் வருகிறது. நான்தாண்டா, உன்னை வாங்கிவந்த நாளில் துடைத்து வைத்தவள், கரண்ட் போகிற போதெல்லாம் உனக்காக ஓடிவந்தவள், என்னையே தெரியவில்லை என்கிறாயா. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையின் கீழ்மூலையைப் பார்க்கிறேன். ஜனவரி முதல் தேதி. வருஷம் இரண்டாயிரத்து இரண்டு. மதர்போர்டில் இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போயிருக்கிறது, அதனால் இந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் தான் பிறந்த நாளுக்கே போய்விடுகிறது. அதன் நாளில் நான் இந்த ஆஸ்பத்திரியிலேயே இல்லை, என் பெண் மடியில் இருக்கிறாள், என் உடம்பில் எதுவும் இல்லை. அங்கேயே இருந்துவிடலாம்தான். பெட்டிக்கு ஒரு நாள், இதற்கு ஒரு நாள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பாஸ்வேர்ட் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளாது, பொய் சொல்கிறாய் என்று சந்தேகப்படும். தேதியை இன்றைக்கு மாற்றினேன். நேரம், மூன்றே முக்கால். பாஸ்வேர்டை மறுபடி அடித்தேன். திறந்துவிட்டது. இவ்வளவுதானா. இதற்கா இத்தனை நேரம் உயிரை வாங்கினாய்.

டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட். எல்லாருக்கும் ஒரே பேர், ஒரே வயது. முதல் படம் மெதுவாக மேலேயிருந்து வரிவரியாக இறங்குகிறது. யாருடையதோ. பார்க்கக் கூடாது என்று தோன்றுகிறது, பார்க்காமல் எப்படித் தேடுவது. வரிசையில் நின்று சிரித்த அத்தனை பேரும் இங்கே தலை இல்லாமல், முகம் இல்லாமல், பூ இல்லாமல். இது செல்லம்மாளாக இருக்கும், போன மாசம்தான் ஓய்வு பெற்றுப் போனாள். இது யார். இதுவும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளைப் புகை மாதிரி, உள்ளே நரம்பு மாதிரி கோடு. ஊக்கு இல்லை. ஊக்கு இல்லை. வலது, இடது, வலது. அடுத்தது இறங்குகிறது, மேல் மூலையில் வளைவாக, கூர்மையாக, பளிச்சென்று. ஊக்கு. இடது பக்கம்தான், இடதுக்கு ஷகிலா வைக்கிற எல் எழுத்து மூலையில் இருக்கிறது. அக்குள் பக்கம், உள்ளே தள்ளி, இருக்கிறது. வெள்ளையாக ஒரு புள்ளி, மொச்சைக்கொட்டையைவிடச் சின்னது, படத்தில் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் இருக்கிறது, அங்கேயே இருக்கிறது, அப்போதே இருந்திருக்கிறது! நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். ஏசி சொட்டுகிற சத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறது. பழசு. என்னோடு கூடவே இருந்திருக்கிறது, பெண்ணின் ஸ்கூல் ஆண்டுவிழாவிலும் இருந்தது, திருச்செந்தூர் போனபோதும் இருந்தது, ஒன்றும் செய்யாமல் ஒரு மூலையில் சும்மா இருந்திருக்கிறது. ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் போதும். அவரிடம் சொல்லவே வேண்டாம். ராத்திரி தோசை ஊற்றலாம், தக்காளிச் சட்னி அரைக்கலாம். ஜெசிக்குப் பிரிண்டரைப் போய்ப் பார்க்கலாம், பாவம், ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். படத்தைக் காப்பி பண்ண பென்டிரைவைச் செருகினேன். காப்பி ஆவதற்குள் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று பெரிதாக்கினேன். பெரிதாக்கியிருக்கக் கூடாது.

ஊக்கின் வளையத்துக்குள் ஒரு சங்கிலி போகிறது. மெல்லிய சங்கிலி, கடுகு கடுகாகக் கண்ணி. இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை, இரண்டையும் ஊக்குதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. சரி, என் தாலிச் சங்கிலி. என் சங்கிலி இவ்வளவு மெல்லிசா. படத்தில் எல்லாம் மெல்லிசாகத்தான் தெரியும். என் சங்கிலிக்குக் கொக்கி எப்போது அறுந்தது. அறுந்திருக்கும், மறந்திருப்பேன், எத்தனையோ அறுந்தது, எத்தனையோ மறந்தது. ஊக்கு என் ஊக்குதான். தலை கொஞ்சம் நசுங்கின அந்த ஊக்கை எனக்குத் தெரியாதா, ரெண்டுக்குமே தலை நசுங்கியிருக்கும், அவர் வண்டியை ஏற்றி நசுக்கின ஊக்கு அட்டையிலிருந்து எடுத்தது. என் ஊக்கு இருக்கிற படம் என் படம். அவ்வளவுதான் லோசனி, காப்பி ஆகிவிட்டது, பிடுங்கிக்கொண்டு போ. எழுந்திருக்க முடியவில்லை. ஆடி மாசம். ஆடி மாசம் என்று யார் சொன்னது, நான்தான் சொன்னேன். பதினெட்டாம் பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் காவிரிப் படியில் நின்று அத்தை எனக்குப் புதுக் கயிறு மாற்றிக் கட்டினார்கள், மஞ்சள் கயிறு, அது பழசாகிற வரைக்கும் சங்கிலியில் கோக்க மாட்டோம், ஆவணி பிறந்துதான் சங்கிலி. ரவிக்கை எல்லாம் மஞ்சள். அன்று மெஷின் தட்டிலும் மஞ்சள் ஒட்டி, ஷகிலா ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டே சொன்னாளே, "கயிறு எக்ஸ்ரேல விழாதுக்கா, ஊக்கு மட்டும்தான் விழும், அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கு பாருங்க." பார்த்தேன். சிரித்தேன். அந்தரத்தில் தொங்குகிற ஊக்கு. இல்லை, அது வேறு வருஷமாக இருக்கலாம். ஷகிலா வேறு யாரிடமோ சொன்னதாக இருக்கலாம். டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது, யாருக்கும் தெரியாது, டெஸ்ட் என்று எழுதியிருக்கிறது, நானும் டெஸ்ட்தான், இந்த டெஸ்ட் நான்தான் என்றால் மறுக்க யார் இருக்கிறார்கள். இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனால் எனக்கு ஆறு மாசம் கிடைக்கும். ஆறு மாசம் எனக்கு வேண்டும். ஆறு மாசம் என் கட்டிக்கும் கிடைக்கும். கை தானாக அடுத்த படத்தைத் திறந்தது. யாரோ, ஊக்கு இல்லை. அதற்கடுத்தது. இடது. மேல் மூலையில் ஓர் ஊக்கு. அதைச் சுற்றி எதுவும் இல்லை, சங்கிலி இல்லை, கண்ணி இல்லை, கறுப்பில் ஒற்றையாகத் தொங்குகிறது. கீழே அக்குள் பக்கம் வெறும் புகை. மறுபடி பெரிதாக்கினேன். வெளிச்சம் கூட்டினேன். ஒரு புள்ளியும் இல்லை. நான்தான் இது. எனக்கு அப்போது ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வாளி நிறைந்து வழிகிறது, காலை நனைக்கிறது, எழுந்து ஊற்றத் தோன்றவில்லை. நாளைக்கே. சரி, நாளைக்கே. அவரிடம் இன்று சொல்லவேண்டும், சாப்பிட்டபிறகு சொல்லலாம். பயமாக இருக்கிறது, எதற்கு மறைப்பது, ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனால் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடக்கின்றன, மனசு என் படத்தில் நிற்காமல் மற்றதற்கே போகிறது. சங்கிலியின் இரண்டு முனை. என் ஊக்கு. வரிசையில் எனக்குப் பின்னால் நின்று தோளைத் தட்டி, "யக்கா, செயின் கொக்கி பிச்சுக்கிச்சுக்கா, ஒரு ஊக்கு குடுங்க, தொலைஞ்சா எங்க வீட்டுக்காரர் என்னைத் தொலைச்சுருவாரு" என்று சிரித்தது யார். நாற்பது முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள கிழவி வரிசையில நிக்க வச்சுட்டீங்களே என்று சிரித்தது யார். அந்தச் சிரிப்பைச் சற்று முன்னால்கூடப் போனில் கேட்டேனே. அந்தப் புள்ளியை யாரும் பார்க்கவில்லை. படம் எடுத்தவர்கள் ஓரத்தைப் பார்த்தார்கள், கறுப்பைப் பார்த்தார்கள், நான் பேரைப் பார்த்துவிட்டுக் குப்பை என்று விட்டேன். டாக்டருக்குப் போன் பண்ணினேன். "கெடச்சுதா லோசனி?" கிடைத்தது டாக்டர் என்றேன். "இருக்கா அதுல?" இல்லை, புதுசுதான் என்றேன். "சரிம்மா. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வரணும்னு இல்ல, சாப்பிட்டே வாங்க. நான் கூட இருப்பேன்." டாக்டர், இன்னொரு படம் இருக்கு என்றேன், என்னுது இல்ல, அப்பவே ஒரு புள்ளி இருக்கு, யாருமே பாக்கல. "யாரோடது?" பேர் டெஸ்ட்னுதான் இருக்கு, ஆனா எனக்குத் தெரியும் என்றேன். "ஒண்ணுமில்லாததாவும் இருக்கலாம். ஆனா பாக்கணும். இன்னைக்கே அவங்களைக் கூட்டிட்டு வாங்க, நான் கெளம்பல."

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் வரவில்லை, படியில் ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினேன். வார்டு வாசலில் ஜெசிந்தா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "வந்துட்டீங்களாக்கா! இப்பதான் நினைச்சேன், அக்கா கோவமா வச்சாங்க, இன்னைக்கு வரமாட்டாங்கன்னு. பிரிண்டர் அங்க இருக்கு, காறித் துப்புற மாதிரி பேப்பரைத் துப்புது." பிரிண்டர் இருக்கட்டும் என்றேன். "என்னக்கா, மொகமே சரியில்ல?" நான் ஒருநாள் உனக்கு ஓர் ஊக்கு குடுத்தேனே ஜெசி, செயினுக்கு, ஞாபகம் இருக்கா என்றேன். அவள் சீருடைக் கழுத்துக்குள் விரலை விட்டுச் சங்கிலியை வெளியே இழுத்தாள். மெல்லிய சங்கிலி, கொக்கி இருக்கவேண்டிய இடத்தில் தலை நசுங்கின ஊக்கு. "இன்னும் ஆசாரிகிட்ட குடுக்கவே இல்லக்கா, நேரம் எங்க இருக்கு. என்ன, திருப்பிக் கேக்க வந்தீங்களா?" என்று சிரித்தாள். இல்லை ஜெசி என்றேன். அவள் கையைப் பிடித்து நர்ஸ் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, நானும் இன்னொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு நாளைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.